எட்டாம் வகுப்பிலேயே தொடங்கும் மே மாதம்

இஸ்ரோ நடத்தும் கோடை அறிவியல் முகாமில் சேர ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். தேர்வுக்குப் பார்ப்பதோ எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணை. ஒன்பதாம் வகுப்பு முடியப்போகும் நேரத்தில் அறிவிப்பு வந்து, “இப்படி ஒன்று இருக்கிறதாமே” என்று கேள்விப்படும் வீட்டில் பாதித் தேர்வு அதற்குள் நடந்து முடிந்திருக்கும். தமிழ்நாட்டு எல்லையில் போடிமெட்டைத் தாண்டி, கேரளத்தின் இடுக்கிப் பக்கத்தில், ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பிலோ அதற்குக் கீழோ பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

விடியும் முன்பே போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மலையேறிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, சின்னக்கானல் என்று தோட்டம் தோட்டமாக இறங்குவார்கள். சில குடும்பங்கள் மேலேயே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தங்கியிருக்கின்றன. அப்பா அம்மா இருவரும் காட்டு வேலைக்குப் போய்விடும் வீட்டில், இணையத்தில் வரும் அறிவிப்பைத் தேடிப் பார்க்க யாரும் இல்லை. பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. செய்தி மட்டும் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

என்ன முகாம் இது?

‘யுவிகா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இளம் விஞ்ஞானி திட்டத்தை இஸ்ரோ 2019இல் தொடங்கியது. அந்த ஆண்டு மாநிலத்துக்கு மூன்று பேர் என்று எடுத்தார்கள். கொரோனா காலத்தில் நின்றுபோய், 2022இல் 5 மையங்களில் 150 பேர் அளவில் மறுபடி நடந்தது. இப்போது திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா, ஹைதராபாத், அகமதாபாத், டேராடூன், ஷில்லாங் ஆகிய 7 இடங்களில் நடக்கிறது. மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம். விஞ்ஞானிகளின் வகுப்புகள், ஆய்வுக்கூடங்களைச் சுற்றிப் பார்த்தல், சிறிய ராக்கெட், செயற்கைக்கோள் மாதிரிகளைத் தாங்களே பூட்டிப் பார்த்தல், ரோபோ போட்டி, இரவில் வானம் பார்த்தல் என்று நாள் முழுக்க வேலை இருக்கும்.

இப்படிப் பள்ளிப் பிள்ளைகளைக் கோடையில் கூட்டி வைத்து உண்மையான அறிவியல் வேலை கொடுக்கும் வழக்கம் பழையது. சோவியத் யூனியன் 1957இல் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்காவுக்குப் பள்ளி அறிவியல் பற்றிய கவலை வந்தது. 1959இல் கலிஃபோர்னியாவின் ஓஹாய் என்ற சிற்றூரில் ஒரு கோடைத் திட்டம் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகள் சிறுகுழுக்களாகப் பிரிந்து, ஒரு சிறுகோளைத் தொலைநோக்கியில் படமெடுத்து, அதன் இடத்தை அளந்து, சூரியனை அது சுற்றும் பாதையைக் கணக்கிடுவார்கள். விடை எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இருக்காது. நம் பிள்ளைகள் முகாமுக்குப் போய் அடைய வேண்டியதும் அந்த அனுபவத்தைத்தான். தானே அளந்து தானே ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதை அவர்கள் இங்கிருந்தே பழகிக்கொண்டு போகலாம்.

நூறு மதிப்பெண் எப்படிப் பிரிகிறது?

சமீப ஆண்டுகளின் அறிவிப்புப்படி தேர்வுக்கான 100 மதிப்பெண் இப்படிப் பிரிகிறது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. இணையவழி வினாடிவினாவுக்கு 10. கடந்த மூன்று ஆண்டுகளில் அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டிருந்தால் பள்ளி அளவுக்கு 2, மாவட்ட அளவுக்கு 5, மாநில அளவோ அதற்கு மேலோ 10. ஒலிம்பியாட் போன்ற அறிவியல் போட்டிகளில் பரிசு பெற்றிருந்தால் 5 வரை, விளையாட்டுப் போட்டிகளுக்கு 5 வரை. சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். உறுப்பினர் என்றால் 5. ஊராட்சிப் பகுதியில் உள்ள கிராமப் பள்ளியில் படித்தால் 15.

அந்தக் கடைசி வரியைப் பெற்றோர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். மேலே எங்கள் பள்ளிகள் பெரும்பாலும் கிராம பஞ்சாயத்து எல்லைக்குள்தான் இருக்கின்றன. பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்றதும் ஒன்பதாம் வகுப்புக்கு மலைக்குக் கீழே இருக்கும் நகரத்துப் பள்ளியில் சேர்த்து விடுதியில் விடுவது இங்கே வழக்கம். போடி நகராட்சி. அதன் எல்லைக்குள் இருக்கும் பள்ளிக்கு அந்த 15 கிடையாது. ஊர் மாற்றுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இந்த முகாமைப் பொறுத்தவரை, லயத்துப் பக்கத்துப் பள்ளியிலேயே படிக்கும் பிள்ளையின் கையில் 15 மதிப்பெண் இருக்கிறது என்பது தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

எல்லையோரப் பெற்றோர் இன்னொன்றும் கேட்பார்கள்: “நாங்க தமிழ்நாட்டுக்காரங்க, பிள்ளை படிக்கிறது கேரளாவுல. எங்கிட்டு டீச்சர் போடணும்?” எல்லா மாநிலங்களுக்கும் இடம் கிடைக்கும்படி பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். அதனால் பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைக் குழப்பமில்லாமல் நிரப்ப வேண்டும். ரேஷன் கார்டு ஒரு மாநிலம், பள்ளிச் சான்று ஒரு மாநிலம் என்று இருக்கும் வீடுகளில் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஆறாம் வகுப்பிலேயே பார்த்துவிடுவது நல்லது. தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக மாறியிருப்பதைச் சரிசெய்யவே பல மாதம் போய்விடும்.

பெரியவர்களின் வீட்டுப்பாடம்

மேலே சொன்ன கணக்கில் பிள்ளை மட்டும் உழைத்து வாங்கக்கூடியவை எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் வினாடிவினாவும்தான். மற்றதெல்லாம் பள்ளிக்கூடம் மனது வைத்தால்தான் நடக்கும். பள்ளியில் கண்காட்சி நடத்தினால்தானே கலந்துகொண்ட சான்றிதழ் கிடைக்கும்? சாரணர் அணி இருந்தால்தானே உறுப்பினராக முடியும்? கேரளத்தில் ஆண்டுதோறும் சாஸ்திரோத்சவம் என்ற பள்ளி அறிவியல் விழா பள்ளி, உபஜில்லா, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கிறது. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள், மாவட்டக் கண்காட்சியில் வைக்க வாய்ப்பும் கிடைக்கிறது. ஆனால் அதற்குப் பிள்ளையின் யோசனையைப் பள்ளிதான் இணையத்தில் பதிய வேண்டும். 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் உண்டு. பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து தாய்மொழியிலேயே சொல்லலாம். தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர் ஊராகக் கொண்டு போனது.

கண்காட்சிக்குத் தெர்மாகோல் எரிமலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பச்சைக்காய் காய்வதைப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ நிற்கும். மீதி நான்கு கிலோ என்ன ஆயிற்று? சூடு 50 டிகிரியை ஒட்டி இருந்தால் பச்சை நிறம் நிற்கிறது, கூடினால் நிறம் போகிறது. ஏன்? ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து வரைபடம் போட்ட பிள்ளை, மாவட்ட அளவில் நடுவர் எதிரே தயங்காமல் நிற்கும். அது தன் கையால் அளந்த எண் அல்லவா?

சமீப ஆண்டுகளில் பதிவு பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச்சில் முடிந்திருக்கிறது. அதற்கு முன்பே பிள்ளை பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சான்றிதழ்கள், தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். வினாடிவினா நேரக் கட்டுப்பாடு உள்ளது. எங்கள் மலையில் சிக்னல் ஒரு வளைவில் தமிழ்நாடு, அடுத்த வளைவில் கேரளா என்று தாவும். அதனால் அக்ஷயா மையத்திலோ கீழே இ-சேவை மையத்திலோ உட்கார்ந்து எழுதச் சொல்கிறேன். கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது.

“எம்புட்டு ஆகும் டீச்சர்?”

அப்பாமார்களின் முதல் கேள்வி இதுதான். தங்கும் இடம், சாப்பாடு, பாடப் பொருள்கள் எல்லாம் இஸ்ரோ செலவு. பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம் வரை தருகிறார்கள். கொண்டுவந்து விட்டு அழைத்துப்போக வரும் பெற்றோர் ஒருவருக்கும் கட்டணம் உண்டு. ஆனால் டிக்கெட்டைக் காட்டிய பிறகுதான் பணம் வரும். அதுவரை கைப்பணம் வேண்டும். தினக்கூலி வீட்டுக்கு இது பெரிய தடை. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இந்தப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துப் பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். டிக்கெட்டின் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தேர்வுப் பட்டியல் ஏப்ரலில் வந்து மே நடுவில் கிளம்ப வேண்டியிருக்கும். அது கோடை விடுமுறைக் கூட்டம். சாதாரண முன்பதிவில் இடம் இருக்காது, தட்கலுக்குத் தயாராக இருக்க வேண்டும். 2023 ஜூனிலிருந்து போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா கிடைத்தால் சென்னை போய் அங்கிருந்து சூலூர்பேட்டைக்குப் புறநகர் ரயில் பிடிக்கலாம். திருவனந்தபுரம் என்றால் மதுரை போய் ரயில் ஏறுவது எளிது. ஷில்லாங் என்றால் நாள் கணக்கில் பயணம்.

ஜீப்பில் ஒரு சோதனை

படிப்பு சார்ந்த தயாரிப்பு என்றதும் எல்லோரும் பொது அறிவுப் புத்தகம் வாங்கக் கிளம்புகிறார்கள். ராக்கெட் பெயர்களையும் ஏவிய தேதிகளையும் மனப்பாடம் செய்வது வினாடிவினாவுக்குக் கொஞ்சம் உதவும். முகாமில் அது போதாது. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சிகள் இந்த மலையிலேயே செய்யக்கூடியவை.

போடிமெட்டு ஏறத்தாழ 4,500 அடி உயரம். அங்கே ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி ஜீப்பில் வைத்துக்கொண்டு இறங்கச் சொல்வேன். முந்தல் வருவதற்குள் பாட்டில் தானாக ஒடுங்கிவிடும். மேலே அடைத்த காற்று கீழே இருக்கும் கனமான காற்றின் அழுத்தத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் சுருங்குகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். எதிர்த்திசையில் போனால், போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்பும். காது அடைப்பதும் இதே காரணத்தால்தான். அழுத்தம் குறைவதால் போடிமெட்டில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அம்மா ஏன் மேலே அரிசியை அதிக நேரம் வேகவைக்கிறார் என்று பிள்ளையே சொல்லிவிடும். ராக்கெட் மேலே போகும்போது காற்று எப்படி மெலிந்துகொண்டே போகிறது என்று முகாமில் ஒரு விஞ்ஞானி படம் போட்டு விளக்கும்போது, இந்தப் பிள்ளைக்கு அது காதிலும் கையிலும் ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருக்கும்.

இன்னொன்று வானம். பனி இல்லாத இரவில், வடக்கே மலை மறைக்காத இடத்தில் நின்று துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்வேன். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். நாம் 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். முகாம் டேராடூனில் கிடைத்தால் அங்கே அதே நட்சத்திரம் மூன்று முஷ்டி உயரத்தில் இருக்கும். அங்கே இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு காட்சி நமக்கு உண்டு: மே மாத முன்னிரவில் தெற்கே முழுசாகத் தெரியும் தெற்குச் சிலுவை. வேறு மாநிலத்துப் பிள்ளைகளோடு வானம் பார்க்கும்போது நம் பிள்ளை சொல்வதற்கு அதனிடம் ஒரு செய்தி இருக்கும்.

முடிந்தால் ஒரு நாள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். 1899இல் அமைந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகப் பாடநூல்களில் இடம்பெற்ற ஒரு கண்டுபிடிப்பு நம் பக்கத்து மலையில் நடந்தது என்று அறிந்த பிள்ளை, பெரிய ஆய்வுக்கூடத்துக்குள் கூச்சமில்லாமல் நுழையும்.

கேட்கப் பழகுவது

எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான தடை கேள்வி கேட்பதில்தான் இருக்கிறது. பெரியவர்கள் எதிரே பேசாமல் நிற்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். முகாமில் விஞ்ஞானி “ஏதாவது சந்தேகம்?” என்று கேட்கும் நிமிடத்தில் அமைதியாக உட்கார்ந்துவிட்டால், அவ்வளவு தூரம் போனதில் பாதிப் பயன் போய்விடும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேள்வி நோட்டு வைத்திருக்கிறோம். நாளுக்கு ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை ஒருவர் எழுந்து நின்று தன் கேள்வியை எல்லோர் முன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சுவர்களில் ‘நியூட்ரினோ’ என்ற சொல்லைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015இல் ஒப்புதல் தந்தது. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பில் கருவி வைப்பதாகத் திட்டம். மலைக்கும் தண்ணீருக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்று மக்கள் எதிர்த்தார்கள், தமிழ்நாடு அரசும் எதிர்த்தது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதைப் பற்றிப் பிள்ளைகளைக் கேள்விகள் எழுதச் சொன்னேன். “நியூட்ரினோ உடம்புக்குள்ள போனா வலிக்குமா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை. “வெடி வெச்சா நம்ம ஓடைத்தண்ணி எங்கிட்டுப் போகும்?” என்று இன்னொன்று. “வேணாம்னு ஊர் சொன்னா யார் கேக்கணும்?” என்று மூன்றாவது. முதல் இரண்டும் அளந்தும் ஆராய்ந்தும் விடை தேட வேண்டியவை. மூன்றாவது மக்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியது. இந்த வேறுபாட்டைப் பதின்மூன்று வயதில் பிடித்துக்கொண்ட பிள்ளை எந்த முகாமிலும் வாய் திறந்து பேசும்.

இந்தத் தயக்கத்தில் மொழிக்கும் பங்கு உண்டு. முகாமில் தமிழில் வகுப்பு நடக்காது. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அறிவியல் பாடத்தின் சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழக்குகிறேன். தன்னைப் பற்றி, தன் ஊரைப் பற்றி, தான் செய்த ஒரு சோதனையைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேச முடிந்தால் போதும். இலக்கணப் பிழையோடு பேசலாம். புரியவில்லை என்றால் “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

“பொம்பளப் பிள்ளைய எப்படி டீச்சர்?”

அம்மாமார்களின் கேள்வி இது. ஒரு தாய் என்னிடம், “வயசுக்கு வந்த பிள்ளைய ரெண்டு வாரம் கண்காணாத ஊர்ல விட்டுட்டு நான் எப்படி டீச்சர் காட்டு வேலைக்குப் போவேன்?” என்றார். அந்தப் பயம் நியாயமானது. “அக்கா, கூட நீங்களே போய் விட்டுட்டு வரலாம், உங்களுக்கும் டிக்கெட் காசு தர்றாங்க” என்று தொடங்கி, எங்கே தங்க வைக்கிறார்கள், எப்போது போன் பேசலாம், உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். தேர்வான பிறகு மையத்திலிருந்து வரும் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். விடுமுறையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மூத்த பெண்தான். அந்த இரண்டு வாரம் அந்த வேலையை யார் ஏற்பது என்று முன்கூட்டியே வீட்டில் முடிவாக வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் பயணம் நின்றுபோகும்.

பை கட்டும்போது ஊரைப் பார்த்துக் கட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பழக்கம். மே மாத அகமதாபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மெல்லிய பருத்தித் துணி, தண்ணீர் பாட்டில், தொப்பி வேண்டும். ஷில்லாங்கில் மழையும் குளிரும். எங்கே போனாலும் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, மாதவிடாய்க்கான பொருள்கள், பழகிய செருப்பு, கேள்வி நோட்டு.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால்

நாடு முழுவதிலிருந்தும் சில நூறு பேரைத்தான் எடுக்கிறார்கள். நன்றாகப் படித்த பிள்ளைக்கும் கிடைக்காமல் போகும். அதைத் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். சேர்த்த சான்றிதழ்களும் பழகிய பழக்கங்களும் அடுத்த வாசல்களுக்கு ஆகும். நவம்பரில் நடக்கும் இளையோர் அறிவியல் தேசியத் தேர்வில் தொடங்கும் பாதை, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஒலிம்பியாட் முகாம் வரை போகிறது. பத்தாம் வகுப்பில் முன்வரிசை மதிப்பெண் பெற்று பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் எடுப்பவர்களுக்கு இன்ஸ்பயர் முகாம் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளி திறக்கும் ஜூனில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரில் ஆளுக்கொரு கோப்பு போடுங்கள். அந்த ஆண்டுக்குள் ஒரு பள்ளிக் கண்காட்சி நடத்திச் சான்றிதழை அதில் வையுங்கள். பெயரும் பிறந்த தேதியும் சரிபாருங்கள். சாரணர் அணி இல்லையென்றால் தொடங்க முயலுங்கள். பெற்றோர்களே, பிப்ரவரி பிறந்ததும் பள்ளிக்கு வந்து “அறிவிப்பு வந்துருச்சா?” என்று கேளுங்கள். கிராமத்துப் பள்ளிக்கென்று ஒதுக்கிய 15 மதிப்பெண் ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பில் வருகிறது. போடிமெட்டுக்கு மேலே படிக்கும் பிள்ளைக்கு அது உரிமையாகவே கிடைக்க வேண்டியது. கேட்டு வாங்கித் தரும் கடமை பெரியவர்களான நமக்கு இருக்கிறது.